மலையெல்லாம் புல், ஆட ஒரு மைதானம் இல்லை: ஃபாரோ தீவுகள் நாட்குறிப்பு

அக்டோபர் 9, 2025, வியாழன் – வாகர் விமான நிலையம்

நாங்கள் வசிக்கும் கோபன்ஹேகனிலிருந்து, வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்கு இரண்டு மணி நேரப் பறப்புதான். ஆனால் மேகத்துக்குள் போன விமானம் வெளியே வரவே இல்லை. ஒரு தடவை இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏறியது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து இருக்கையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாள் ஊசியை நிறுத்தாமலே, "பயப்படாதீங்க, இன்னொரு சுற்று சுற்றுவாங்க. முடியலைன்னா நார்வேக்குக் கூட்டிட்டுப் போவாங்க" என்றார்.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. 2007 அக்டோபரில் பிரான்ஸ் கால்பந்து அணிக்கு அப்படித்தான் ஆனது. மூடுபனியில் இங்கே இறங்க முடியாமல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் ராத்தங்கி, ஆட்டம் நடக்கும் நாளன்றுதான் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் 6-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது வேறு கதை.

நாங்கள் இரண்டாவது சுற்றிலேயே இறங்கிவிட்டோம். படிக்கட்டில் கால் வைத்ததும் காற்று ஆளைத் தள்ளியது. மழை மேலேயிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது.

இன்று ராத்திரி தலைநகர் டோர்ஸ்ஹவ்னில் மான்டினீக்ரோவோடு உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். டிக்கெட்டுக்கு நான் தேடியபோதே எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மைதானத்தில் 5,000 பேர்தான் உட்கார முடியும். மொத்த ஜனத்தொகையே 54,000-ஐ ஒட்டித்தான். பஸ் டிரைவர் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். கடலுக்கடியில் போகும் சுரங்கத்தைத் தாண்டி நகரத்துக்குள் நுழையுமுன் மைக்கைக் கையில் எடுத்து, முதலில் ஃபாரோ மொழியில், பிறகு எங்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னார்: "நாலுக்குப் பூஜ்யம். நாலு நமக்கு." பஸ்ஸில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் கைதட்டினார்கள். அதற்கு மேல் கூச்சல் ஏதும் இல்லை. ஸ்வெட்டர் பின்னிய அம்மாள் மட்டும் எங்களைத் திரும்பிப் பார்த்து, "இப்படி எப்பவும் நடக்காது" என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி – டோர்ஸ்ஹவ்ன்

காலை எட்டு மணி ஆகியும் நன்றாக விடியவில்லை. தங்கிய இடத்தில் ரொட்டி, வெண்ணெய், ருபார்ப் ஜாம். புளிப்பும் இனிப்புமாக நம்ம ஊர் மாங்காய்ப் பச்சடியை நினைவுபடுத்தியது. மனைவி மூன்று தடவை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

துறைமுகத்தை ஒட்டிய டிங்கானெஸ் பாறை முனையில் சிவப்பு மரக் கட்டடங்கள், கூரையெல்லாம் புல். அதற்குள்தான் அரசாங்க அலுவலகங்கள். காவல் இல்லை, வேலி இல்லை. ஜன்னல் வழியே ஒருவர் காபி குடித்துக்கொண்டே கோப்பு பார்ப்பது தெரிகிறது. டென்மார்க் முடியாட்சிக்குக் கீழேதான் இருக்கிறார்கள், ஆனால் 1948 முதல் தன்னாட்சி. சொந்தக் கொடி, சொந்த மொழி. நோட்டுகூடத் தனி. ஐம்பது குரோன் நோட்டில் ஆட்டுக்கடாவின் கொம்பு படம். சில்லறைக் காசு மட்டும் டென்மார்க்குடையது.

மதியம் ஒரு சின்னக் கடையில் மீன் சூப். 160 குரோன், நம்ம கணக்கில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். கோட் மீன், சால்மன், உருளைக்கிழங்கு, கொஞ்சம் க்ரீம். இரண்டாவது கிண்ணத்துக்குக் காசு இல்லை என்று பரிமாறிய பெண் அவளாகவே வந்து சொன்னாள். கடை வாசலில் தள்ளுவண்டியில் ஒரு குழந்தை, மழைத்துணிக்கு உள்ளே, தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். என் மனைவிக்குச் சூப் இறங்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டதும் குண்டாடாலுருக்கு நடந்தோம். நகரத்தின் கால்பந்து முழுக்க அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. ஹெச்.பி., பி-36 என்ற இரண்டு உள்ளூர் கிளப்புகளின் மைதானங்கள், அவற்றை ஒட்டி தேசிய அணியின் டோர்ஸ்வெல்லுர். எல்லாம் செயற்கைப் புல். கொட்டும் மழையில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் குடை பிடிக்கவில்லை, யாரும் வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. கம்பிக்கு வெளியே நின்ற ஒரு அப்பா என்னிடம், "மழைக்கு நிறுத்தினா வருஷம் முழுக்க நிறுத்த வேண்டியதுதான்" என்றார்.

அங்கே நின்றபோது எனக்குப் பட்டது இது. ஃபாரோ அணியைப் பற்றி வெளியே யார் எழுதினாலும் 'அதிசயம்' என்றே எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இவர்களுக்கு ஆளும் ஆசையும் ஆரம்பத்திலிருந்தே இருந்தன. டுவோரோய்ரி ஊரில் முதல் கிளப் ஆரம்பித்தது 1892-ல். ஹெச்.பி. 1904-ல். ஐஸ்லாந்துக்குக் கப்பலேறிப் போய் அதிகாரபூர்வமற்ற ஆட்டம் ஆடி 1-0 என்று தோற்றது 1930-ல். இல்லாமல் போனது சமமான தரை ஒன்றுதான். மலையெல்லாம் பச்சைப் புல், ஆனால் அது ஆட்டுக்குத்தான் ஆகும். மேலே ஒரு சாண் மண், கீழே முழுக்க எரிமலைப் பாறை, எல்லாம் சரிவு. விழுகிற மழைக்கு மட்டப்படுத்திய இடத்திலும் புல்தரை நிற்காது. ஊர்க்காரர்கள் சரளை மண்ணில் ஆடினார்கள், முட்டியெல்லாம் கிழிந்தது.

ஃபாரோ கால்பந்துக் கூட்டமைப்பு 1979-ல் அமைந்தது. ஃபிஃபாவில் 1988-ல் சேர்ந்தார்கள், ஐரோப்பியக் கூட்டமைப்பில் 1990-ல். முதல் தகுதிச்சுற்று ஆட்டம் அந்த வருடம் செப்டம்பர் 12. எதிரி ஆஸ்திரியா, அந்தக் கோடையில்தான் இத்தாலியில் உலகக் கோப்பை ஆடிவிட்டு வந்த அணி. கணக்குப்படி அது ஃபாரோவின் சொந்த மைதான ஆட்டம். ஆனால் சொந்த மண்ணில் சர்வதேச விதிக்கு ஏற்ற புல்தரை ஒன்றுகூட இல்லை. அதனால் ஸ்வீடனில் லான்ஸ்க்ரூனா என்ற ஊரில் மைதானத்தை இரவல் வாங்கி ஆடினார்கள். இரண்டாம் பாதியில் டோர்கில் நீல்சன் அடித்த ஒரே கோல். 1-0. ஆஸ்திரியாவின் பயிற்சியாளர் யோசஃப் ஹிக்கர்ஸ்பெர்கர் அதோடு பதவியை விட்டுப் போனார்.

நீல்சன் மரம் விற்கும் கம்பெனியில் விற்பனையாளர், சதுரங்கத்திலும் இங்கே பெரிய ஆள். கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் க்னூட்சன் மீன் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். உச்சியில் குஞ்சம் வைத்த வெள்ளைக் கம்பளிக் குல்லாயோடு கோல் காத்தார். சின்ன வயதில் தலையில் பட்ட அடிக்காகப் போட ஆரம்பித்த குல்லாய் அது.

ராத்திரி படுத்தும் காற்றின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 11, சனி – ஓயி

காரில் ஐஸ்துரோய் தீவுக்கு. 2020-ல் திறந்த சுரங்கம், 11 கிலோமீட்டருக்கு மேல், கடல் மட்டத்துக்குக் கீழே 189 மீட்டர் வரை இறங்குகிறது. நடுவில் கடலுக்கடியிலேயே ஒரு ரவுண்டானா. நடுத்தூணைப் பாறையாகவே விட்டு நீலமும் பச்சையுமாக விளக்குப் போட்டு, கைகோத்து நிற்கும் மனித உருவங்களைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். மனைவி இன்னொரு சுற்று போகச் சொன்னாள். போனோம்.

ஓயியில் கடலோரத்தில் ஒரு பழைய கால்பந்து மைதானம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சின்ன ஏரி. இப்போது கூடாரம் போடுபவர்களுக்கும் வேன்களுக்குமான முகாம் ஆகிவிட்டது. இந்த ஊர்ப் பிள்ளைகள் இங்கே எத்தனை பந்தைக் கடலுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று அந்த விளிம்பில் நின்றால் புரிகிறது. ஊர் அணிக்கு மேட்டில் புது மைதானம் வந்துவிட்டது.

காரிலிருந்து இறங்க மனைவி கதவைத் திறந்தாள், அவ்வளவுதான். காற்று கதவைக் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது. கீல் வளைந்து கதவு திரும்ப மூடவில்லை. நாங்கள் இருவரும் தள்ளிப் பார்த்து நனைந்ததுதான் மிச்சம். மேட்டில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் இறங்கி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைத் தோளால் மெல்ல அமுக்கி, பாதி மூடியதும் தன் வண்டியிலிருந்து மீன்வலைக் கயிறு எடுத்து வந்து கைப்பிடியையும் உள்ளிருக்கும் சீட் பெல்ட்டையும் சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பணம் நீட்டியதும் கையை விசிறினார். "நாளைக்கு செக் குடியரசோடு ஆட்டம், பாருங்க" என்றார். பேசியது அது மட்டும்தான்.

கார் வாடகைக் கம்பெனி கதவுக்காகக் கேட்ட தொகை எங்கள் தங்கும் செலவைவிட அதிகம். அதைச் சொல்லி ஆத்திரப்பட இங்கே இடம் வேண்டாம். ஃபாரோ போகிறவர்கள் காற்றுக்கு முகம் காட்டி வண்டியை நிறுத்துங்கள், ஒரு கை கதவிலேயே இருக்கட்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு – டோஃப்டிர், ருனாவீக்

நேற்று ராத்திரி முதல் ருனாவீக்கில் ஒரு குடும்பத்தின் மாடியில் தங்கல். கல்யாணமாகி ஐம்பது வருடம் ஆகப்போகும் தம்பதி. இங்கே வீட்டிலேயே விருந்தினருக்குச் சமைத்துப் போட்டுக் காசு வாங்குவது வழக்கம். பெரியவர் மீன் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். நாங்கள் டேனிஷில் பேசிக்கொண்டோம்.

காலையில் அவரே எங்களைப் பக்கத்து ஊரான டோஃப்டிருக்கு நடத்திக் கூட்டிப் போனார். ஊருக்கு மேலே, வீடுகளெல்லாம் முடிந்த இடத்துக்கு அப்பால், ஸ்வாங்கஸ்கார் மைதானம். கீழே கடல் கைபோல நீண்டு உள்ளே வந்து கிடக்கிறது. மைதானத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட பாறைச் சுவர், கன்னங்கரேலென்று, மழைநீர் வடிந்துகொண்டு. பெரியவர் அதன்மேல் கை வைத்து, "இது முழுக்க மலைதான். வெடி வெச்சு எடுத்தது" என்றார். முதல் தகுதிச்சுற்றில் இவர்களுடைய சொந்த ஆட்டங்கள் ஸ்வீடனில்தான் நடந்தன. அதற்குப் பிறகு இந்த மைதானம் தயாராகி, 1990களில் தேசிய அணி சொந்த மண்ணில் ஆடியது இங்கேதான். 1999-ல்தான் தலைநகரத்தின் டோர்ஸ்வெல்லுர் வந்தது.

"சான் மரினோவை 3-0 அடிச்சது இங்கேதான், 1995" என்றார். கொஞ்ச தூரம் நடந்து, வலது பக்க கோலைக் காட்டி, "ஸ்காட்லாந்து, 2002" என்றார். ஜான் பீட்டர்சன் முதல் 12 நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்த ஆட்டம். ஸ்காட்லாந்து தட்டுத்தடுமாறி 2-2 ஆக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது. பெரியவர் அன்று எங்கே நின்றாரோ அந்த இடத்தில் போய் நின்று காட்டினார். நாங்களும் பக்கத்தில் நின்றோம். காற்றில் கண்ணில் நீர் வந்தது.

தோற்றதையும் அவர் மறைக்கவில்லை. ஆஸ்திரியாவை ஜெயித்த அதே தகுதிச்சுற்றில் யூகோஸ்லாவியாவிடம் 7-0. எட்டு ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு 26 வாங்கிக் கடைசி இடம். அவர் மனதில் இன்னும் ஆறாதது 2003 ஜூன். ஜெர்மனி, முந்தைய வருடம் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடிய அணி, டோர்ஸ்ஹவ்னுக்கு வந்தது. 88 நிமிடம் வரை 0-0. 89-வது நிமிடம் க்ளோசா, கூடுதல் நேரத்தில் பாபிச். 2-0. "நான் அங்கே இருந்தேன். கொஞ்சம் முன்னாடியே விசில் ஊதியிருக்கலாம்" என்று இருபத்திரண்டு வருடம் கழித்தும் சொல்கிறார்.

மதியச் சாப்பாடு 'ரெஸ்ட்' என்னும் இறைச்சி. ஆட்டுக்கறியை உப்புப் போடாமல், காற்றுப் புகும் பலகைக் கொட்டிலில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள். கடற்காற்றே உப்பு. கொட்டிலைத் திறந்து காட்டினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, வரிசையாகத் தொடைகள், மேலே வெள்ளைப் பூஞ்சை. வாடை முதலில் முகத்தில் அடித்தது, பழைய சீஸும் கருவாடும் கலந்த வாடை. வேகவைத்து உருளைக்கிழங்கோடும் அந்தச் சாற்றில் செய்த சூப்போடும் வைத்தார்கள். நான் தட்டைக் காலி செய்தேன், ருசி நாக்கில் நெடுநேரம் நின்றது. மனைவி ஒரு வாய் எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். வீட்டம்மாள் உடனே தட்டை எடுத்துக்கொண்டு, வறுத்த மீன் கொண்டுவந்து வைத்தார். "என் மருமகளும் சாப்பிட மாட்டா" என்று சொல்லி அவள் கையைத் தட்டினார்.

மாலை செக் குடியரசோடு ஆட்டம். பெரியவரின் மகன், மகள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டு இருவர் என்று அறை நிறைந்துவிட்டது. எல்லாருக்கும் காபியும் கேக்கும். டிவியில் ஒவ்வொரு ஆட்டக்காரன் முகம் வரும்போதும் யாராவது ஒருவர், "இவன் அம்மா என்னோட படிச்சவ", "இவன் தாத்தா படகுல நான் போயிருக்கேன்" என்றார்கள். இந்திய ஆட்டக்காரன் ஒருவனைப் பற்றி நான் அப்படிச் சொன்னதே இல்லை.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் ஹனுஸ் சோரன்சன் அடித்தார். வியாழக்கிழமை பஸ்ஸில் கைதட்டலோடு நின்ற அதே ஜனம்தான், இன்று அறை வெடித்தது. பேரப்பையன் சோபாவிலிருந்து குதித்ததில் காபி தரையில். யாரும் துடைக்கவில்லை. பிறகு செக் அணி சமன் செய்தது. பெரியவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். 2003 ஞாபகம் என்று நினைக்கிறேன். அவர் திரும்பி வந்து உட்காருவதற்குள் மார்ட்டின் அக்னார்சன் இன்னொன்று போட்டுவிட்டார். வீட்டம்மாள் என் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மீதி நிமிடங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 2-1.

தெருவில் கார் ஹாரன்கள். துறைமுகத்தில் ஒரு கப்பலும் சேர்ந்து ஊதியது. பெரியவரிடம் 1990-ல் எப்படி இருந்தது என்று கேட்டேன். தொழிற்சாலையில் மீன் வெட்டும் மேசையருகே ரேடியோ வைத்துக் கேட்டாராம். "அன்னிக்கு யாரும் நம்பலை. ரேடியோக்காரன் தப்பா சொல்றான்னு நினைச்சோம். இன்னிக்கு நான் காலையிலேயே நம்பினேன். அதுதான் வித்தியாசம்."

அந்த நம்பிக்கை ஒரே ராத்திரியில் வந்ததில்லை. 2014 நவம்பரில் கிரீஸுக்கே போய் 1-0, மறுநாள் கிரீஸ் பயிற்சியாளர் ரனியேரியின் வேலை போனது. 2015 ஜூனில் டோர்ஸ்ஹவ்னில் மறுபடி 2-1. 2022 செப்டம்பரில் துருக்கியை 2-1. 2023-ல் கிளாக்ஸ்வீக் ஊரின் கே.ஐ. கிளப், ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷை அவர்கள் ஊரிலேயே 3-0 அடித்து, ஐரோப்பியப் போட்டி ஒன்றின் குரூப் சுற்றுக்குப் போன முதல் ஃபாரோ கிளப் ஆனது. வெடி வைத்துத் தரை செய்தார்கள், பிறகு ஊர் ஊராகச் செயற்கைப் புல் விரித்தார்கள். மழையில் ஆட முடிகிற பிள்ளைகள் வளர்ந்து வந்தார்கள். இதில் அதிசயம் என்ற சொல்லுக்கு எங்கே இடம்?

அக்டோபர் 13, திங்கள் – வாகர்

பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டம்மாள் ருபார்ப் ஜாம் ஒரு பாட்டில் பொதிந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. கயிறு கட்டிய கதவோடு விமான நிலையம் வரை ஓட்டினேன். இன்று காற்றும் இல்லை, மேகமும் இல்லை. வரும்போது பார்க்க முடியாத மலைகள் எல்லாம் தெரிந்தன. கடையில் வாங்கிய செய்தித்தாளில் முதல் பக்கம் முழுக்க ஒரே படம்.

நவம்பர் 14, வெள்ளி – கோபன்ஹேகன்

பின்குறிப்பு. இன்று ரியேகாவில் குரோஷியாவோடு ஆட்டம். ஜெயித்தால் உலகக் கோப்பை ஆசை உயிரோடு இருக்கும். முதல் கோல் ஃபாரோவுக்கு, கேசா டேவிட் டூரி அடித்தார். வீட்டில் நானும் மனைவியும் எழுந்து நின்றுவிட்டோம். பிறகு குரோஷியா மூன்று போட்டது. 3-1. குரோஷியா உலகக் கோப்பைக்குப் போகிறது. ஃபாரோ நாலு வெற்றி, 12 புள்ளிகளோடு மூன்றாமிடம்.

பெரியவருக்கு வருத்தம் சொல்லிச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: "முதல் பாதி நல்லா ஆடினாங்க. அடுத்த தடவை வரும்போது முன்னாடியே சொல்லுங்க, என் மகன் டிக்கெட் எடுத்து வைப்பான். உங்க மனைவிக்கு மீன் தனியா செஞ்சிடலாம்னு என் மனைவி சொல்றா."

மனைவி மொபைலை வாங்கி, எந்த மாதம் வரலாம் என்று அவளே கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்.